கதை என்ன புறம்போக்கு நிலமா?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லப்பாகும் எந்த ஊரிலும் கிடைக்கும். எவரும் மிட்டாய் பிடிக்கலாம். ஆனால் கோவில்பட்டி என்ற பெயரைக் கண்டவரும் ஒட்டி விற்க முடியாது. ஊர் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். பெயரில் உழைப்பு இருக்கிறது, காசு இருக்கிறது, ஆகவே அதைக் காக்க வேண்டும் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதே ஊரைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் கிராமங்களில் பெண்கள் சொன்ன கதை, பாடிய பாட்டு, தரையில் கரிக்கோடு போட்டு ஆடிய ஆட்டம் என்று வந்துவிட்டால் இந்தத் தெளிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? ‘அது மக்கள் சொத்து.’ ‘மரபு.’ ‘வாய்மொழி.’ ‘யார் செய்தது என்று யாருக்குத் தெரியும்?’ மிட்டாய்க்கு ஊர் பெயர் உண்டு. அதைத் தின்றுகொண்டே கதை சொன்ன கிழவிக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை.

நான் பகிர்வதற்கு எதிரி இல்லை. கதையையும் ஆட்டத்தையும் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதில் எனக்கு விருப்பமும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஒன்றைப் பொது என்று அறிவிக்கும் முன், அது யாருடையது என்று சொல்லுங்கள். கொடுப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். ஒருத்திக்குச் சொந்தம் என்று யாரும் ஒப்புக்கொள்ளாத பொருளை அவள் எப்படிக் கொடையாகத் தருவாள்? அவளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டு போகத்தான் முடியும்.

இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தது ஒரு விளையாட்டு. மேசை ஆட்டங்களில் ‘ரோல்பிளேயிங் கேம்’ என்று ஒரு வகை உண்டு. நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் இப்போது இதைச் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். யாரும் வெல்வதுமில்லை, தோற்பதுமில்லை. கடைசியில் மிஞ்சுவது எல்லாரும் சேர்ந்து கட்டிய ஒரு கதை. என் மாணவிகள் நான்கு பேர் இப்படி ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘மழைச்சோறு’.

மழை பொய்த்த ஆண்டில் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி, வாங்கியதையெல்லாம் ஒன்றாகக் கலந்து உண்டு, பாடி, வானத்திடம் முறையிடும் வழக்கம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதுதான் ஆட்டத்தின் களம். ஆடுகிற ஒவ்வொருத்தியும் ஒரு தெருவிலிருந்து சட்டியோடு கிளம்பும் பெண். எந்த வாசல் திறக்கும், எது திறக்காது, யார் வீட்டுச் சோற்றை யார் தன் சோற்றோடு கலக்க மறுப்பார்கள், மறுத்தவளை மற்றவர்கள் என்ன சொல்லி இணங்க வைப்பார்கள் என்று கதை வளரும். பகடை கிடையாது. தாயம் ஆட நம் வீடுகளில் செய்வதுபோல ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள்தான். பாடல்களையும் முறைகளையும் சொல்லித் தந்தவர்கள் அந்த மாணவிகளில் ஒருத்தியின் ஆச்சி, இன்னொருத்தியின் அவ்வா. அவ்வாவின் வீட்டுப் பேச்சு தெலுங்கு. மழைப் பாட்டு மட்டும் தமிழ். கரிசலில் இது வியப்பில்லை.

அந்த ஆட்டத்தை அச்சிட ஒரு பதிப்பகம் முன்வந்தது. ஒப்பந்தமும் வந்தது. அட்டையில் பதிப்பகத்தின் பெயர். உள்ளே, ‘மூலம்: நாட்டுப்புற மரபு’. மாணவிகளின் பெயர்கள் நன்றியுரையில். ஆச்சியும் அவ்வாவும் எங்கும் இல்லை. கடைசிப் பத்தியில், இந்த ஆட்டத்தை விரித்து யார் எதை எழுதினாலும் அதைத் தம் விருப்பப்படி பயன்படுத்தும் உரிமை பதிப்பகத்துக்கு உண்டு என்றிருந்தது. “எங்க ஆச்சி பேரு எங்க சார்?” என்று அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். “நாட்டுப்புறத்துக்கு ஏதும்மா பேரு?” என்று பதில் வந்திருக்கிறது. நால்வரும் கையெழுத்துப் போடவில்லை.

அந்தக் கடைசிப் பத்தி எனக்குப் புதிதாக இல்லை. அதன் மூத்த அக்காவை 2023 ஜனவரியில் உலகமே பார்த்தது.

இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. 1997-இல் அது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2000-இல் அந்த நிறுவனம் ‘ஓபன் கேம் லைசென்ஸ்’ என்று ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டது. ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அதன்மேல் தம் கதையை எழுதி விற்கலாம், காசு தர வேண்டாம் என்பது அதன் சாரம். நிறுவனம் தன் பிரியமான பாத்திரங்களையும் பெயர்களையும் மட்டும் தனியே பட்டியலிட்டு, ‘இவற்றைத் தொடாதீர்கள்’ என்று ஒதுக்கி வைத்துக்கொண்டது. அந்த உரிமத்தை நம்பி வெளியார் பதிப்புத் தொழில் ஒன்றே வளர்ந்தது. வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதியவர்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்திய சிறு பதிப்பகங்கள் என்று பலருக்கும் அதில் பிழைப்பு இருந்தது.

22 ஆண்டுகள் கழித்து, புதிய உரிமம் ஒன்றின் வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனி ‘அங்கீகரிக்கப்பட்டது’ ஆகாது என்றது அது. பழைய உரிமத்தில் கிடந்த அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டே அதைச் சாய்க்கப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய வருமானத்தில் 25 விழுக்காடு வரை நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். அடுத்தவர் எழுதியதை நிறுவனம் என்றைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்குக் காசு தர வேண்டாம். எங்கள் மாணவிகளுக்கு வந்த கடைசிப் பத்தி இதன் தங்கைதான்.

ஆடுகிறவர்கள் பொங்கியெழுந்தார்கள். நிறுவனத்தின் இணையச் சந்தாவைக் கூட்டமாக ரத்து செய்தார்கள். போட்டிப் பதிப்பகங்கள், எந்த ஒற்றை நிறுவனமும் திரும்பப் பெற முடியாத மாற்று உரிமத்தை எழுதத் தொடங்கின. அதே ஆண்டில் எழுதியும் முடித்தன. ஜனவரி 27 அன்று நிறுவனம் பணிந்தது. பழைய உரிமம் தொடரும் என்றது. அதோடு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தின்கீழ் வெளியிட்டது. அந்த உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். கொடுத்தவரால் அதைத் திரும்பப் பறிக்கவும் முடியாது.

திறந்த உரிமத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்தச் சிறு பதிப்பாளர்கள் எதை வைத்து வென்றார்கள் என்று பாருங்கள். கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் வாசகம் இருந்தது. யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்பது எழுதப்பட்டிருந்தது. வாக்கு மீறப்பட்டது என்று கூச்சலிட, வாக்கு என்று ஒன்று இருந்தது. நம் ஆச்சிகளுக்கு அது எதுவும் இல்லை. அவர்களிடமிருந்து எடுத்தவர்கள் எந்த வாக்கையும் மீறவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு யாரும் எந்த வாக்கும் கொடுக்கவேயில்லை.

விசார்ட்ஸ் நிறுவனத்தை 1999-இல் வாங்கியது ஹாஸ்ப்ரோ. நம் ஊர்க் குழந்தைகளும் ஆடும் ‘மோனோபொலி’ ஆட்டமும் இன்று அந்த ஹாஸ்ப்ரோவுடையதுதான். மோனோபொலியின் கதை தெரியுமா? லிஸி மேகி என்ற பெண் ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்ற ஆட்டத்தை உருவாக்கி 1904-இல் காப்புரிமை பெற்றார். நிலத்தை வளைத்து வாடகை வாங்குகிறவன் எப்படி எல்லாரையும் ஓட்டாண்டியாக்குகிறான் என்று காட்டவே அந்த ஆட்டம். மக்கள் அதைக் கையால் வரைந்து, துணியில் தீட்டி, ஊருக்கு ஊர் தெருப் பெயர்களை மாற்றி ஆடினார்கள். பெயர் உதிர்ந்தது. உதிர்ந்த பிறகு சார்லஸ் டாரோ என்பவர் அதைத் தன் கண்டுபிடிப்பாக 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றுச் செல்வந்தரானார். லிஸி மேகிக்கு அதே நிறுவனம் கொடுத்தது 500 டாலர். நிலவுடைமையைக் கண்டித்து ஒரு பெண் செய்த ஆட்டத்தையே ஓர் ஆண் வளைத்துப்போட்டார். கையில் காப்புரிமைச் சான்று வைத்திருந்த, எழுதப் படிக்கத் தெரிந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கே இந்தக் கதி. உண்மை வெளியே வர 1970-களில் வேறொரு வழக்கு நடக்க வேண்டியிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது: பெயர் உதிர்ந்த அந்த முப்பது ஆண்டுகள். எல்லாரும் அன்பாக ஆடினார்கள்; யாரும் திருடவில்லை. ஆனாலும் அந்தப் பெயரற்ற நிலைதான் திருடனுக்கு வாசலைத் திறந்துவைத்தது. நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: புறம்போக்கு. புறம்போக்கு நிலம் எல்லாருக்கும் பொது. அதை வளைத்து வேலி போடுபவர் மட்டும் ஒருநாளும் ஏழைப் பெண்ணாக இருப்பதில்லை.

பொது என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஏன் உடனே மகிழ்ச்சி வருவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் கிராமங்களில் ‘பொதுக் கிணறு’ எல்லாருக்கும் பொதுவாக இருந்ததா? மந்தை? கோயில் வாசல்? யாரைச் சேர்த்துக்கொண்டு, யாரை வெளியே நிறுத்திவிட்டுப் ‘பொது’ என்றோம் என்பது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. பருத்திக் காட்டில் களை வெட்டிக்கொண்டே பாடியவள் அவள். அவள் பாட்டுக்கு மட்டும் ஊர் முழுவதும் உரிமை கொண்டாடுகிறது. அவள் தொட்ட தண்ணீர் பொதுவில்லை, அவள் கட்டிய பாட்டு பொது. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. புரியக்கூடாது என்றே நினைக்கிறேன்.

நேர்மையான பொதுமை எப்படி இருக்கும் என்பதற்கு நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில், எட்டயபுரத்தில் பிறந்தவரின் கதையே போதும். பாரதி 1921-இல் இறந்தார். அடுத்த ஆண்டே செல்லம்மாள் பாரதி, ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் கணவரின் பாடல்களை நூலாக்கி வெளியிட்டார். ஒரு விதவை, கடனோடு, பதிப்பாளராக நின்றார். அந்தப் பணி அவர் கையில் நிலைக்கவில்லை. நூலுரிமை பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் போனது. இசைத்தட்டு, திரைப்பட உரிமைகள் வணிகர் கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் சேர்ந்தன. பாரதியின் பாட்டைப் பாடினால் வழக்கு வரும் என்ற நிலை வந்தபோது, 1948-இல் பாரதி விடுதலைக் கழகம் பிறந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமைகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மெய்யப்பன் ஈடு எதுவும் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். செல்லம்மாளுக்கும் மகள்களுக்கும் அரசு பணம் கொடுத்தது. பின்னர் பாரதியின் எழுத்து மக்களுக்கே பொதுவானது. இன்று எந்தப் பதிப்பகமும் அனுமதி கேட்காமல் பாரதியை அச்சிடலாம். ஆனால் பாரதி என்ற பெயரை எடுத்துவிட்டு, ‘எட்டயபுர மரபு’ என்று போட்டு விற்க எவருக்காவது துணிச்சல் வருமா?

நாட்டுடைமை என்ற நம் ஏற்பாட்டில் நான்கு காரியங்கள் நடக்கின்றன. இது இன்னாருடையது என்று முதலில் ஒப்புக்கொள்கிறோம். அவருடைய குடும்பத்திடம் பேசுகிறோம். ஒரு தொகை கொடுக்கிறோம். அதற்குப் பிறகே கதவைத் திறக்கிறோம்; திறந்த பிறகும் பெயர் அட்டையில் இருக்கிறது. எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்து செத்த கதைக்கார ஆச்சிக்கு இந்த நான்கில் ஒன்றுகூட நடக்கவில்லை. கடைசிக் காரியத்தை மட்டும் முதலிலேயே செய்துவிட்டோம்: கதவைத் திறந்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், அவள் வீட்டுக்குக் கதவு இருந்ததாகவே நாம் கருதவில்லை.

இதில் என் துறைக்குப் பெரிய பங்குண்டு. தமிழ்த் துறைகளில் நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், பட்டங்களோடு. கடைசியில், பின்னிணைப்பில், ஓர் அட்டவணை: தகவலாளர் பட்டியல். பெயர், வயது, சாதி, ஊர், தொழில், கல்வி. கல்வி என்ற கட்டத்தில் ‘இல்லை’. ஓர் இரவு முழுக்கக் கதை சொல்லக்கூடியவள், நூறு பாட்டை நினைவில் அடுக்கி வைத்திருப்பவள், கேட்பவருக்கு ஏற்பக் கதையின் முடிவை மாற்றத் தெரிந்தவள். இவளுக்கு நாம் தந்த பட்டம் ‘தகவலாளர்’. ரயில் எப்போது வரும் என்று சொல்பவருக்கும் அதே பெயர்தான். ஆசிரியர், ஆக்கியோன், பாடினி, கதைசொல்லி என்று எத்தனை சொற்கள் இந்த மொழியில் கிடக்கின்றன! பெயரைக் கொடுக்க மனமில்லாதபோது சாதியை மட்டும் கவனமாகக் கட்டம் கட்டிக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

கரிசல் பேச்சைச் சொல்லகராதியாக்க முடியும் என்று 1982-இல் காட்டினார் இடைசெவல் கி. ராஜநாராயணன். அந்தச் சொற்களுக்கு அச்சில் இடம் கிடைத்தது பெரிய காரியம். அந்த வாசல் திறந்து நாற்பது ஆண்டுகள் ஆனபிறகு, அடுத்த படிக்கு நாம் ஏன் ஏறவில்லை? சொல்லுக்கு இடம் கொடுத்த நாம் சொன்னவளுக்கு ஏன் இடம் கொடுக்கவில்லை?

‘சட்டத்தில் வழியில்லை’ என்பார்கள். சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நாட்டுப்புற வழக்காறு என்று எதையும் தனியே காக்கவில்லை, சரி. ஆனால் அதே சட்டத்தில் ‘நிகழ்த்துநர்’ என்ற வரையறை இருக்கிறது. நடிகர், பாடகர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் என்று போகும் அந்தப் பட்டியல், நிகழ்த்தும் வேறு எவரும் என்று முடிகிறது. பாம்பாட்டிக்கு இடம் உண்டென்றால் கதைசொல்லும் ஆச்சிக்கும் உண்டு. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, நிகழ்த்துநர் தன்னை இன்னார் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையையும் தருகிறது. பெயர் கேட்பது சலுகை இல்லை, சட்டத்தில் ஏற்கெனவே உள்ள உரிமை.

அடுத்தது 39-ஆம் பிரிவு. சொந்தப் பயன்பாட்டுக்கோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமோ பதிவுசெய்தால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது. இந்தப் பிரிவின் நிழலில்தான் நம் ஒலிப்பதிவுக் கருவிகள் கிராமம் கிராமமாகப் போய்வருகின்றன. ஆகட்டும். ஆனால் ஆய்வேடு விலை போட்ட புத்தகமாகும் நாளில், பாட்டு திரைப்படத்துக்குப் போகும் நாளில், கதை பெட்டிக்குள் அடைத்த ஆட்டமாகும் நாளில், ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற சொல் செத்துப்போகிறது. அன்றைக்கு யாராவது பேருந்து ஏறி அந்தக் கிராமத்துக்குப் போய், “ஆச்சி, இது இப்போ விற்பனைக்குப் போகுது, சம்மதமா?” என்று கேட்கிறார்களா?

இலங்கை 2003-இலேயே தன் அறிவுசார் சொத்துச் சட்டத்தில் நாட்டார் வழக்காறுகளுக்குப் பாதுகாப்பு எழுதிக்கொண்டது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தருபவர், அமைச்சர் குறிப்பிடும் அதிகார அமைப்பு. பாடியவளிடமிருந்து பாட்டை எடுத்து அரசாங்க அலமாரியில் வைப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். புறம்போக்கை வளைப்பது தனியார் ஆனால் என்ன, இலாகா ஆனால் என்ன?

எதிர்வாதங்கள் எனக்குப் பழக்கமானவை. ‘ஆச்சி மட்டுமா சொன்னாள்? அவளுக்கு அவள் தாய் சொன்னாள், அவளுக்கு இன்னொருத்தி. யார் பெயரைப் போடுவது?’ டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை எழுதியவர்களும் பழைய போர் ஆட்டங்களிலிருந்தும் தங்களுக்கு முந்தைய கதைகளிலிருந்தும்தான் எடுத்தார்கள். அவர்கள் பெயரைப் போட யாரும் தயங்கவில்லை. கம்பர் கதையைத் தானே உண்டாக்கவில்லை. அதற்காகக் கம்பராமாயணத்தை ‘மரபு’ என்றா அச்சிடுகிறோம்? கேட்ட கதையைத் தன் நாவில் மறுபடி செய்வது ஆணுக்குக் காவியமாகவும் பெண்ணுக்கு வெறும் கடத்தலாகவும் தெரிவது எப்படி? தாயத்தில்கூடப் பாருங்கள், ஒரு தெருவில் வெட்டு வாங்காமல் பழம் ஏற முடியாது, அடுத்த தெருவில் முடியும். அந்த விதிகளை யாரோ ஒருத்தி யோசித்திருக்கிறாள், மற்றவர்களோடு சண்டை போட்டு நிலைநாட்டியிருக்கிறாள். விதி எழுதுகிறவரை இன்றைய உலகம் ‘கேம் டிசைனர்’ என்கிறது. அவளை நாம் ‘பொழுதுபோகாமல் திண்ணையில் தாயம் உருட்டுகிறவள்’ என்றோம்.

‘அவர்கள் பெயர் கேட்பதில்லையே’ என்பது அடுத்த வாதம். கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவர்களே கேட்பார்கள். சொத்துப் பத்திரத்தில், ரேஷன் அட்டையின் முதல் வரியில், பிள்ளையின் முதலெழுத்தில் எங்குமே தன் பெயர் இருந்து பழகாதவளிடம், கதைப் புத்தகத்தில் உன் பெயர் வேண்டுமா என்று கேட்டால், “எனக்கெதுக்கு தாயி” என்றுதான் தொடங்குவாள். அந்த முதல் பதிலை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவது வசதி. இன்னொரு முறை போக வேண்டும். அச்சடித்த தாளைக் காட்டி, இந்த இடத்தில்தான் பெயர் வரும் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவள் சொல்வதுதான் பதில்.

என் மாணவிகள் அப்படித்தான் போனார்கள். ஆச்சி தன் முழுப் பெயரையும், தன் தாயின் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னார். அவ்வா, பெயர் வேண்டாம், ஊர் பெயர் போதும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: தான் பாடிக் காட்டிய பாடல்களில் ஒன்று, ஆண்கள் இல்லாத இடத்தில் பெண்கள் தங்களுக்குள் பாடுவது, அதை அச்சில் ஏற்றக் கூடாது. மாணவிகள் அதை எடுத்துவிட்டார்கள். ஆட்டத்தில் அந்த இடம் வரும்போது, ‘இங்கே பெண்கள் பாடினார்கள்’ என்று மட்டும் இருக்கிறது. அமெரிக்க நிறுவனம் தன் செல்லப் பாத்திரங்களைப் பட்டியலிட்டு ஒதுக்கி வைக்கலாம் என்றால், அவ்வா தன் பாட்டை ஒதுக்கி வைக்க ஏன் கூடாது? எதைத் தரமாட்டேன் என்று சொல்ல முடிகிறவளே தருகிறவள். ‘எல்லாவற்றையும் திற’ என்று பெண்ணிடம் சொல்லும் குரல் நமக்குப் பழையது. அதற்கு முற்போக்கு வேடம் போட்டுவிட்டால் மட்டும் நாம் மயங்க வேண்டியதில்லை.

ஆகவே ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமத்துக்குக் கிளம்பப்போகும் மாணவிகளுக்குச் சில வார்த்தைகள். உங்கள் ஆய்வேட்டிலிருந்து ‘தகவலாளர்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். ‘கதைசொல்லி’, ‘பாடியவர்’ என்று எழுதுங்கள். அந்தப் பெயர் பின்னிணைப்பில் இல்லாமல், கதை தொடங்கும் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே வரட்டும். சாதிக் கட்டத்தை அவர் விரும்பினால் ஒழிய நிரப்பாதீர்கள். பெயர் வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவு. மறைப்பது நீங்களாக இருக்கக் கூடாது. எதைப் பதிவுசெய்தீர்களோ அதை அவருக்கே போட்டுக் காட்டி, எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று கேளுங்கள். கைநாட்டு வாங்கும் முன் காகிதத்தில் உள்ளதை அவர் பேசும் தமிழில், அல்லது தெலுங்கில், வாசித்துக் காட்டுங்கள். புத்தகமோ ஆட்டமோ காசு பார்த்தால் அவருக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதுங்கள். முதல் பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு தாராளமாகத் திறந்துவிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் சொல்ல வேண்டும், இதிலிருந்து செய்வதையும் இதேபோல் திறந்தே வைக்க வேண்டும் என்று சொல்லும் வகை ஒன்று உண்டு. எனக்கு அது நம் ஊருணியைப் போலத் தெரிகிறது. ஊருணித் தண்ணீரை யாரும் மொள்ளலாம், ஆனால் காலைக் கழுவக் கூடாது. தன் வீட்டுக்கென்று வாய்க்கால் வெட்டிக்கொண்டு போகவும் கூடாது. ‘மழைச்சோறு’ இப்போது அந்த உரிமத்தோடு ஜெராக்ஸ் பிரதியாக விடுதிகளில் சுற்றுகிறது. சாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் அதில் தீப்பெட்டி ஆபீஸ் தெரு ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் பிரதியிலும் முதல் பக்கத்தில் ஆச்சியின் பெயர் இருக்கிறது, அவள் தாயின் பெயர் இருக்கிறது, அவ்வாவின் ஊர் இருக்கிறது. கீழே அவர்கள் தங்கள் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் போட்டதால் ஆட்டம் சுருங்கிவிடவில்லை. எந்தப் பதிப்பகத்தின் ஒப்பந்தமும் இல்லாமல் அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது.

பதிப்பாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் திரைப்படக்காரர்களுக்கும் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது. ‘மரபு’ என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெண் தன் பெயரோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்கப் போக உங்களுக்கு ஒரு பேருந்துச் சீட்டுத்தான் செலவாகியிருக்கும். இனி அந்தச் செலவைச் செய்யுங்கள். செய்யாமல் கொண்டுவரும் புத்தகத்தை எங்கள் வகுப்பறைகளில் நாங்கள் பாடமாக வைக்கமாட்டோம்.